உறுதிமொழிக் கொப்பி

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் முழு யோக்கியமாக இருந்து பார்த்தேன். என் மச்சானைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது.

அது போர்க்காலம். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் போகும் பாதையை மூடியிருந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றில் நான், அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன் மகன் சுகந்தன் என்று நாலு பேர். பாதை மூடுவதற்கு முன்பே சுகந்தன் கிளிநொச்சியிலிருந்து வந்துவிட்டான். அவனுடைய அம்மா, அதாவது என் மாமி, அங்கேயே மாட்டிக்கொண்டா. மாமா உயிரோடு இல்லை. சுகந்தன் கனடாவுக்குப் படிக்கப் போக வேண்டும், போய் எப்படியாவது மாமியையும் அங்கே எடுப்பிக்க வேண்டும். அதுதான் திட்டம். விசா நேர்முகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

(என்னைத் தவிர. நான் கேம் விளையாடினேன்.)

லண்டனிலிருக்கும் பெரியம்மா அனுப்பிய கையடக்கக் கேம் மெஷின் ஒன்று என்னிடம் இருந்தது. அப்போது வெள்ளவத்தையில் பல வீடுகளில் அது இருந்தது. தப்பிப் போனவர்கள் தப்பாதவர்களுக்கு எதையாவது அனுப்பத்தானே வேண்டும். அந்த மெஷினில் எமுலேட்டர் என்ற மென்பொருளை ஏற்றினால் அது பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்கும். நாங்கள் சின்ன வயதில் டிவியில் கசட் செருகி விளையாடிய பழைய கேம்களின் நகல்களை இண்டர்நெட்டில் இறக்கிப் போட்டால் அப்படியே ஓடும். இந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. தெரிந்தவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் எனக்கு யோக்கியம் பிடித்தது. அந்த நகல்கள் களவு என்று இண்டர்நெட்டில் ஒருவன் எழுதியிருந்தான். கேமைச் செய்தவனுக்கு அதிலிருந்து எதுவும் போகாது என்றான். இன்னொருவன், ஒரிஜினல் கசட் உன்னிடம் இருந்தால் நகல் வைத்திருப்பதில் தப்பில்லை என்று எழுதியிருந்தான். இரண்டாவது ஆள் சொன்னதை நான் சட்டம் என்றே நம்பினேன். அதுவும் யாரோ தன் மனச்சாட்சியைத் தூங்க வைக்க எழுதியது என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. நான் சோதனைக்குப் படித்த புத்தகமே முழுக்கப் போட்டோகொப்பி. கொழும்பில் நகல் இல்லாத பொருள் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். அந்த ஊரில் இருந்துகொண்டு நான் மட்டும் நேர்மையாகக் கேம் விளையாடப் புறப்பட்டேன்.

அதற்காக ஒரு கொப்பி போட்டேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் உறுதிமொழி. அதன் கீழே: 'நான் கேட்கும் விளையாட்டின் உண்மையான கசட் என்னிடம் உள்ளது. இது பொய்யானால் எந்தத் தண்டனைக்கும் உட்படுவேன்.' அதற்குக் கீழே கட்டம் கட்டமாகப் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கையெழுத்து.

இதை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். போர்க்காலம், வெள்ளவத்தை, பதினொரு தமிழர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். தண்டனைக்கு உட்படுவோம் என்று பதினொரு கையெழுத்து. இதில் ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை. கோடுகளை ரூலர் வைத்து அடித்திருக்கிறேன் என்பதில்தான் பெருமை.

சுகந்தனுக்கும் ஒரு கேம் வேண்டியிருந்தது. கையெழுத்துக் கேட்டேன்.

"சொந்தக்காரனுக்குமா?" என்றான்.

"சட்டம் எண்டா எல்லாருக்கும்தான். கசட் இருக்கா?"

"கிளிநொச்சி வீட்டில கிடக்கு. சைன் வைக்கிறன், கொண்டா."

முகவரிக் கட்டத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டை எழுதினான். நான் விடவில்லை.

"நிரந்தர முகவரி எண்டு போட்டிருக்கு. வாசிக்கத் தெரியாதா?"

"அதெல்லாம் வேணாமடி. கிளிநொச்சி எண்டாலே சந்தேகப்படுவினம். பொலிஸ் பதிவிலயே வவுனியா எண்டுதான் குடுத்தனான்."

"அது உன்ர பிரச்சினை. என்ர கொப்பியில பொய் வராது."

எழுதியதை வெட்டினான். பிறகு கிளிநொச்சி முகவரியை வீட்டு இலக்கத்தோடு எழுதினான். அந்தக் கேமுக்காக அல்ல. என் வாயை மூட வைக்க.

செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. பொலிசும் ஆமியும் வீடு வீடாக ஏறினார்கள். எங்களுக்குப் பழக்கம்தான். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் மேசையில் தயாராக இருக்கும். அம்மா தேத்தண்ணிகூடப் போட்டு வைத்திருந்தா. அன்றைக்கும் எல்லாம் முடிந்து வாசலுக்குப் போன சார்ஜன்ட் திரும்பி, மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த கொப்பியை எடுத்து விரித்தார்.

"மே பொத்த காகெத?" என்றார். கொப்பி யாருடையது என்று கேட்கிறார்.

"மகே" என்றேன். என்னுடையது. சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தார், பிறகு சுகந்தனைப் பார்த்தார். நான் இரண்டாம் தரமும் சொன்னேன். "நங்கி, பொரு கியன்ன எபா" என்றார். தங்கச்சி, பொய் சொல்லாதே. என் வாழ்க்கையிலேயே நான் ஆக உண்மையாக இருந்த நாள் அது. ஒரு பெட்டை கோடு அடித்து இப்படி ஒரு கொப்பி போடுவாள் என்று அந்த மனிதர் நம்பத் தயாராக இல்லை. (இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தப் பிழைக்காக என்றுதான் தெளிவாகத் தெரியவில்லை.)

வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் கொப்பியை வாசித்துச் சொன்னார். பதிவில் வவுனியா, கொப்பியில் கிளிநொச்சி. சுகந்தனை ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் அப்பாவிடம், "மாமா, செவ்வாய்க்கிழமை" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியாக இருந்த பெரியவர் அப்பாவையும் என்னையும் முன்னால் இருத்தினார். எமுலேட்டர், நகல், ஒரிஜினல், களவு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: கேம் விளையாட யாராவது அடையாள அட்டை இலக்கம் வாங்குவார்களா?

நியாயமான கேள்வி.

"சரி, இந்த ஆட்களிடம் அந்தக் கசட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே. கொண்டு வந்து காட்டு. கேம்தான் என்று நம்புகிறேன்."

ஞாயிறும் திங்களும் அப்பாவும் நானும் கொப்பியில் பெயர் இருந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் நடந்தோம். பதினொரு பேரில் சுகந்தன் உள்ளே. மிச்சப் பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் கசட் என்று ஒன்று இருந்ததே இல்லை. எல்லோரும் பொய்க் கையெழுத்து. சிலர் கதவையே திறக்காமல் உள்ளிருந்து சொன்னார்கள். ஒருத்தி மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள்: "ஓசியில கேம் போட்டுத் தாறன் எண்டா யாரும் எதிலயும்தான் சைன் வைப்பினம். நீ அதை நம்பினனியே?"

அப்பா படி இறங்கும்போது, "பிள்ளை, இவ்வளவு படிச்சும் உனக்கு மனிசரைத் தெரியேல்ல" என்றார். அவர் அதற்கு முன்னும் பின்னும் என்னை ஏசியதில்லை.

மிஞ்சியது மைக்கல் அண்ணை. கொட்டாஞ்சேனையில் அச்சகமொன்றில் வேலை செய்தவர். திங்கள் பின்னேரம் அவரைப் பிடித்தோம். நாளைக்கு லீவு கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். வரமாட்டார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அந்த நாட்களில் தன் காலால் பொலிசுக்கு நடந்து போகிற தமிழன் யார்?

செவ்வாய் காலை எட்டு மணிக்குச் சுகந்தனின் பெயரைத் தூதரகத்தில் கூப்பிட்டிருப்பார்கள். அப்பா தொலைபேசியில் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். ஆள் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

பதினொரு மணிக்கு மைக்கல் அண்ணை பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். தோய்த்து மடித்த சேர்ட். மூன்று சோதனைச் சாவடி தாண்டி வந்திருக்கிறார். கையில் ஷொப்பிங் பையில் கசட்.

"அண்ணை, பயமில்லையா?" என்று கேட்டேன்.

"நான் உண்மையாத்தானே தங்கச்சி சைன் வச்சனான். பிறகென்ன பயம்?"

கசட்டை மேசையில் வைத்தார். அது ஒரிஜினல் இல்லை. புறக்கோட்டை நடைபாதையில் விற்கிற, ஒரு கசட்டில் நூறு கேம் இருக்கிற பச்சைப் போலி. அந்த மனிதர் அதை இத்தனை வருடமும் ஒரிஜினல் என்று நம்பி வைத்திருந்திருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். (சத்தியமாகத் திறந்தேன். அப்படி ஒரு பைத்தியம்.) அப்பா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். செருப்பில்லாத கால். வாய் மூடிக்கொண்டது.

பெரியவர் கசட்டில் இருந்த படத்தையும் நான் கொண்டுபோயிருந்த மெஷினில் ஓடிய கேமையும் மாறி மாறிப் பார்த்தார். சார்ஜன்ட் மெஷினை வாங்கி விளையாடிப் பார்த்தார். இரண்டாவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. எப்படித் தாண்டுவது என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் பின்னேரம் சுகந்தனை விட்டார்கள். அடிக்கவில்லை என்றான். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவனுக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. மாமி கடைசி வரை வன்னியிலேயே இருந்தா. சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்தபோது வலது கை இல்லை.

இப்போது சுகந்தன் கல்கிசையில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் கலியாணமோ சாமத்தியச் சடங்கோ நடந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கதையை அவன்தான் சொல்வான். நான் கோடு அடித்தது, அப்பா காலை மிதித்தது, சார்ஜன்ட் இரண்டாவது கட்டத்தில் செத்துச் செத்து விழுந்தது எல்லாம் நடித்துக் காட்டுவான். பந்தியே உருண்டு சிரிக்கும். மாமியும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. இருபது தரமாவது கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அது அந்தச் செவ்வாய்க்கிழமை என்று அவன் சொன்னதில்லை. மாமிக்கு நேர்முகம் தள்ளிப்போய்ப் பிறகு சரிவரவில்லை என்றுதான் தெரியும்.

சிரிப்பு அடங்கும்போது அவன் ஒரு கணம் என் பக்கம் பார்ப்பான். நான் எழும்பிப் போய் மாமிக்குப் பாயசம் ஊற்றுவேன்.