ஐந்தாவது மிதி

தமிழ் பேசுகிறவன் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில்தான் சொல்வான். ஆங்கிலக் கவிதை அப்படியல்ல. ஒரு அசை மெல்ல, அடுத்தது ஓங்கி. அப்படி ஐந்து இணை சேர்ந்தால் அயாம்பிக் பென்டாமீட்டர். எம்.ஏ. முடித்தும் அந்தத் தாளம் என் காதில் விழுந்ததில்லை. (மதிப்பெண் மட்டும் விழுந்தது.)

உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தலைப்பு இதுவேதான். இருந்தது ஓர் இடம். போட்டிக்கு நானும், கம்பத்திலிருந்து வந்த பர்வீனும். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் வாழைக்காய் மண்டியில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

காதுக்கு எட்டாததைக் காலால் காட்டத் தீர்மானித்தேன். சொந்தமாக ஒரு வரியும் எழுதி வைத்திருந்தேன்: "த பஸ் டு கம்பம் நெவர் கம்ஸ் ஆன் டைம்." மர மேடையில், மெல்லிய அசைக்கு நுனிக்கால், ஓங்கியதற்குக் குதிகால் என்று நடந்தேன். 'பஸ்'ஸில் சாக்பீஸ் உருண்டது. 'கம்'மில் முதல் பெஞ்சு பின்வாங்கியது. 'டைம்' என்றதும் பலகை உடைந்து, வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது.

"சார், வலிக்குதா?"

"வரி முடிஞ்சிருச்சு," என்றேன்.

"ஏலே, கக்கத்துல பிடிங்கடா!" என்று மாணவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் "ஏ..." என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "லே!" என்று இழுத்தார்கள். (வேலை கேட்டு வந்தவனுக்கு ஏலே மரியாதை.) ஐந்தாவது 'லே'யில் கால் வந்தது. ஷூ வரவில்லை.

அடுத்து பர்வீன். மேடையில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"இப்ப சாரை எப்படி இழுத்தீக?"

"ஏ... லே!"

"எது மெதுவா?"

"ஏ!"

"எது ஓங்கி?"

"லே!"

"எத்தன தடவ?"

"அஞ்சு!"

"அதுதான் அயாம்பிக் பென்டாமீட்டர். இப்ப சாரோட வரியச் சொல்லுங்க."

வகுப்பே சொன்னது. கடைசி பெஞ்சில், ஒற்றை ஷூவோடு நானும் சொன்னேன். முதன்முறையாகத் தாளம் காதில் விழுந்தது. என் விபத்தை அவர் கேலி செய்யவில்லை, பாடமாக்கினார். பின்னாளில் செய்தியாளனாக எத்தனையோ கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன். அவ்வளவு கச்சிதமான வகுப்பை இன்னொரு முறை பார்க்கவில்லை. வேலை அவருக்குத்தான். தேர்வுக் குழுவில் நான் இருந்திருந்தாலும் அவருக்கே கொடுத்திருப்பேன். நான் மண்டிக்குப் போய், சில மாதங்களில் பத்திரிகைக்குத் தப்பினேன்.

அக்கா மகள் இப்போது அதே கல்லூரியில் படிக்கிறாள். ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னாள்: "மாமா, எங்க மேடம் மீட்டர் நடத்துறப்ப ஒரு சாரு மேடைய ஒடச்ச கதையச் சொன்னாக. பாவம், அவுக இப்ப எங்கன இருக்காகளோ!"

அம்மா குழம்புக் கரண்டியோடு திரும்பினார்.

"இங்கனதான் ஆத்தா, ரெண்டாந்தடவ சோறு வாங்கிட்டு இருக்காக."