பொட்டாசியத்துக்கு ஏன் K?

மரியாதைக்குரிய மச்சான் பூபதி அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை காந்தாவும் சுகம். சுண்ணாம்புக்குளத்தில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க பொன்னியம்மன் துணை. போனில் பேசினால் மகள் வளர்மதி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை அவளுடைய காலேஜ் நோட்டு என் எதிரில் பிரிந்தது. நான் பிரிக்கவில்லை, ஃபேன் காற்று. பக்கத்துக்குப் பக்கம் K. ‘K தனியாக இருக்காது, எதனுடனாவது சேர்ந்துவிடும்.’ ‘K மேல் தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும்.’ உங்கள் மகன் பிரபாகரனுக்கும் இவளுக்கும் பூ வைக்க நாள் குறித்திருக்கும்போது யார் இந்த K என்று அவளையே கேட்டேன். “பொட்டாசியம் நைனா” என்றாள். “அதுக்கு பி தானே வரணும்? நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன்” என்றேன். “லத்தீன்ல அதும்பேரு காலியம், நைனா.” ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் இருந்தால் அவன் போட்டோ போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும், இல்லையா மச்சான்?

ஐஸ் விற்கிற கேசவன் அன்றைக்கென்று பார்த்து என் இறால் பெட்டியில் ஒரு கை ஐஸ் கூடப் போட்டான். ஏன் போட்டான்? “தண்ணி பட்டா பத்திக்குவியாமே?” என்று கேட்டுப் பார்த்தேன். “இன்னா மாமா, ஐஸ் விக்கிறவன் எப்படி பத்திக்குவேன்?” என்றான். மாமா என்றான், கவனியுங்கள். உன் ஐஸே வேணாம்னு கொட்டிட்டு வந்துட்டேன், இறால் பொன்னேரி போறதுக்குள்ள நாறிப்போச்சு, வியாபாரி மூக்கைப் பொத்திக்கிட்டு திருப்பி அனுப்பிட்டான், நான் அந்த நாத்தத்தோடவே நேரா காலேஜுக்குப் போயிட்டேன்.

கெமிஸ்ட்ரி டீச்சரம்மா ஜன்னலோரம் நகர்ந்து நின்று பொறுமையாகச் சொன்னார்: “உங்க ஏரிக்கரையில உமரிச் செடி இருக்கில்ல? அந்த மாதிரி உப்புச் செடிய அரபு நாட்டுல எரிச்சு சாம்பல் எடுத்தாங்க. அந்தச் சாம்பலுக்குப் பேரு கலீ. அதுலருந்து காலியம், அதுலருந்து K.” எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பும் வழியில் ஒரு கட்டு உமரியைப் பிடுங்கி எரித்தேன். சாம்பல் வந்தது. நாக்கில் வைத்தேன், சுரீரென்றது. நம்பினேன்.

ஆகவே மச்சான், வளர்மதி தங்கம். “தப்பா நினைச்சுட்டேம்மா” என்று நானே சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூவோடு வாருங்கள். பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தேசப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது காந்தா நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ‘K-வோட அம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்கு’ என்று இருக்கிறது. பிரபாகரன் படித்த பிள்ளை. பொட்டாசியத்துக்கு அம்மா உண்டா என்று மட்டும் அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள். எதற்கென்று சொல்ல வேண்டாம். பூ இப்போதைக்கு வாங்க வேண்டாம்.