லண்டன் சார் எங்களைப் பப்புக்கு அழைத்துப் போனது

லண்டன் மாநகரத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்களைவிட அதிகம் கவலைப்பட்ட ஒரே மனிதர், எங்கள் சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். நாட்டின் பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டதும் ஆளாளுக்குப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இவர் மகன் சீனுவை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, மனசால் தானும் அங்கேயே குடிபோய்விட்டார். அதனால் அவருக்கு 'லண்டன்' என்றே பெயர்.

மே மாத வெயிலில் ஆபீஸ் ஃபேனை அணைத்துவிடுவார். "அங்க புள்ள குளுர்ல நடுங்கிக்கினு கீறான், நமக்குக் காத்து ஒரு கேடா?"

"உங்க புள்ள நடுங்கினா நாங்க ஏன் சார் வேகணும்?"

"ஓட்டல் ஆபீசரோட அப்பன்கிட்டப் பேசற பேச்சா இது?"

அந்த ஆபீசர் பதவியில்தான் எல்லாமே இருந்தது. கேஷியர் நாதமுனியின் அண்ணன் மகளைச் சீனுவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஆபீசராக இருக்க வேண்டும் என்பது நாதமுனியின் பிடிவாதம். முடிவு சொல்லாமல் இழுத்தடித்தார். அவரைக் குளிர்விக்க, திருப்பதியில் ஓர் ஓட்டலில் புதிதாகத் திறந்திருந்த இங்கிலாந்து பாணி பப்புக்கு லண்டன் அழைத்துப் போனார். துணைக்கு நான்.

ஏழுமலையானைத் தேடி ஊரே மேலே ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் மூவரும் இங்கிலாந்தைத் தேடி ஓட்டலின் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அங்கே போனே இல்லாத சிவப்பு டெலிபோன் கூண்டு. நாய்கள் நரியை விரட்டும் படம். வெளியே கொளுத்துகிற வெயில் போதாதென்று உள்ளே ஒரு கணப்பு அடுப்பு.

முதல் பீர் கறுப்பாக வந்தது. வாயில் வைத்தால் வேப்பம்பட்டைக் கஷாயம்.

"இன்னாபா இது, எங்க ஊட்டு மாடுகூட மூக்கை வைக்காது" என்றார் நாதமுனி.

லண்டன் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, "ஆகா, லண்டன் டேஸ்ட்!" என்றார். இரண்டாவது பெல்ஜியத்திலிருந்து வந்ததாம். அவ்வளவு தூரம் வந்த களைப்பு அதில் நன்றாகவே தெரிந்தது.

மூன்றாவதைப் பரிமாறும் பையன் ஊற்றும்போதுதான் வினை வந்தது. கிளாஸில் பாதிக்கு நுரை. லண்டனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா தம்பி, கிளாஸைச் சாய்ச்சுப் புடிக்க வேணாமா? எங்க சீனு ஊத்தினா நுரை ஒரு விரக்கடைதான் நிக்கும். தினம் எத்தினி பேருக்கு ஊத்தறான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

நாதமுனி கிளாஸைக் கீழே வைத்தார். "ஊத்தறானா? ஆபீசர்னு சொன்னியே?"

லண்டன் தன் கிளாஸைத் தள்ளிவைத்தார். "ஊத்தறான், கிளாஸு கயுவறான். கடை மூட்றவரைக்கும் நின்னுக்கினே வேலை. காலு வீங்கிப்போவுது நைனான்னு போன்ல அயுவறான்பா. நெசத்தைச் சொன்னா பொண்ணு அமையாதுன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். நாதமுனி விரலால் அந்த நுரையை வழித்து எடுத்தார்.

"எங்க பொண்ணும் துணிக்கடையில நாளெல்லாம் நின்னுக்கினு கீறவதான். காலு வலின்னா இன்னான்னு அவளுக்குத் தெரியும்" என்றார். "மாப்பிள்ளைய லீவு போட்டுக்கினு வரச்சொல்லு, சம்பந்தி."

லண்டன் கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. சித்தூர்க்காரர்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. வேர்க்கடலை வைத்திருந்த தட்டை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.