ஒரு எஸ்ஸும் ஆறு கையெழுத்தும்

மூன்றாவது தடவையாக அந்தக் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் அச்சகத்துக்குத் திரும்பி வந்தபோது, ப்ரூஃப் ரீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போன மாதம் அவர் கோட்டை விட்ட ஒரு பிழைக்காக, "இன்னொரு தப்பு வந்தா நீங்க வீட்டிலயே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

தகராறு ஒரே ஓர் எழுத்துக்கு. இன்னாரின் குடும்பம் அழைக்கிறது என்று ஆங்கிலத்தில் போடும்போது 'இன்வைட்' என்பதன் வாலில் எஸ் வேண்டுமா, வேண்டாமா? பெண்ணின் பெரியப்பா வேண்டும் என்றார். குடும்பம் ஒன்றுதான், ஒன்றென்றால் எஸ் போட்டே ஆக வேண்டுமாம். சித்தப்பா கூடாது என்றார். வீட்டில் பதினோரு பேர், ஆளுக்கொரு குணம், இதைப் போய் ஒன்று என்று எப்படிச் சொல்வது? அண்ணனும் தம்பியும் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ப்ரூஃபைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் கல்யாணப் பெண்தான். முதல் ப்ரூஃபில் சிவப்பு மையில் நாலைந்து திருத்தங்கள் இருந்தன. வந்த திருத்தத்தைக் கேள்வி கேட்காமல் போட்டுவிடுவது அந்த அச்சகத்தின் வழக்கம். அதற்குப் பிறகு எல்லார் கண்ணும் எஸ்ஸின் மேலேயே இருந்தது.

ரீடர் ஒரு யுக்தி செய்தார். குடும்பம் என்பதைக் குடும்பங்கள் ஆக்கிவிட்டால் அந்த எஸ் தானாகக் கழன்றுகொள்ளும். நாலாவது ப்ரூஃப் அப்படியே போயிற்று. ஒரு மணி நேரத்தில் பெண்ணின் அம்மா போன் செய்தார்.

"அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கா? உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே."

பதறிப்போன ரீடர், குடும்பமே வேண்டாமென்று எல்லார் பெயரையும் வரிசையாகப் போட்டு அனுப்பினார். அத்தையின் பெயர் கடைசியில் வந்தது. அத்தை கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் பழைய வரியே எஸ்ஸோடு திரும்பி வந்தது. இந்த முறை ரீடர் உஷாரானார். பெரியவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை ஆறு கையெழுத்தோடு தாள் வந்தது. சித்தப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தார்.

ஐந்நூறு பத்திரிகைகளையும் அடித்துக் கட்டும்போது மெஷின்காரர், முதன்முதலில் அந்த வீட்டார் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, இதுல மாப்பிள்ளை பேரு வேற. அச்சுல வேற."

ரீடர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எஸ் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. மாப்பிள்ளைதான் மாறிப்போயிருந்தார். ரீடர் முதலாளியின் அறைப்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

பத்திரிகை வாங்க வந்து நின்ற பெண்ணிடம், என் தப்புதான் அம்மா, மறுபடி அடித்துத் தருகிறேன் என்று நாக்குழறச் சொன்னார். அவள் கட்டைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தாள்.

"அது தப்பில்லண்ணா, திருத்தம். முதல் ப்ரூஃப்லயே நான்தான் போட்டேன். அதான் ஆறு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாங்களே."