செப்டம்பர் முப்பதும் எங்கள் ‘கெடு’வும்

நல்ல சேதி ஒன்றுகூடக் கொண்டுவராமல் இருபத்தைந்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர் திருச்சியில் ஒருவர்தான் உண்டு. சாலை ரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் குமாஸ்தா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் ‘கெடு’.

கம்பெனி வைத்திருப்பவர்கள் செப்டம்பர் முப்பதுக்குள் பொதுக்கூட்டம் போட்டு, வரவுசெலவையும் ஆண்டறிக்கையையும் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் மறப்பதற்கென்றே பிறந்தவர்கள். ஆடி பிறந்ததும் அவர் படியேற ஆரம்பித்துவிடுவார். ஒரு துக்க வீட்டில் மாலை போட்டுவிட்டு, மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா டைரக்டரா இருந்தாரு இல்லீங்களா, அவரு போனதை முப்பது நாளைக்குள்ள தெரிவிக்கணும்ங்க" என்று சொன்னவர்.

நாற்பது முதலாளிகளின் டிஜிட்டல் கையெழுத்து அவரிடம் இருந்தது. பென் டிரைவ் மாதிரி சின்னச் சின்னதாக இருக்கும். தொலைந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தார். நடந்தால் கலகலவென்று சத்தம்.

"என்னங்க, சலங்கையா?" என்று கேட்டாராம் ஒரு டவுன் பஸ் கண்டக்டர்.

"இல்லீங்க, நாப்பது பேரோட கையெழுத்து" என்றாராம் கெடு, சிரிக்காமல்.

நானும் சேகரும் சேர்ந்து வாழைக்காய் சிப்ஸ் கம்பெனி நடத்தினோம். சேகருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி. காய் அவன் பொறுப்பு, எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. பாக்கெட்டின் மேல் யார் மகள் படத்தைப் போடுவது என்பதில் சண்டை வந்தது. இரண்டு பிள்ளைகளுமே சிப்ஸைத் தொடமாட்டார்கள். ஆனாலும் பதினெட்டு வருஷ நட்பு அந்தப் படத்தில் முறிந்தது. அடுப்பை அணைத்தோம். கம்பெனி முடிந்தது என்று நினைத்தோம்.

"அடுப்பு அணைஞ்சா கம்பெனி அணையாதுங்க" என்றார் கெடு. "பூட்டிக் கிடந்தாலும் வருஷக் கணக்கு போயாகணும். ரெண்டு பேரும் பொதுக்கூட்டம்னு அரை மணி நேரம் ஒக்காந்தாப் போதும்."

"அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"முழிக்க வேணாங்க. சட்டத்துல அப்படி எதுவும் இல்ல. ஆளுக்கொரு பக்கம் திரும்பி ஒக்காரலாம்."

மண்டியில் வாழைத்தார்களுக்கு நடுவே, சுமை தூக்குகிறவர்கள் இடித்துத் தள்ள, சேகரிடமும் போய் இதையே சொல்லியிருக்கிறார். அவன் எடைத் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

முதல் வருஷம் போயிற்று. இரண்டாம் வருஷம், வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் தரிசன வரிசையில் நசுங்கிக்கொண்டிருந்தேன். காதருகே கலகலவென்று சத்தம்.

"சேகர் சார் பத்து ஆள் தள்ளி நிக்கிறாருங்க. கூட்டத்தை ஆபீஸ் நேரத்துல, ஊர் எல்லைக்குள்ள நடத்தணும்னுதான் சட்டம். இப்ப மணி பதினொண்ணு. ஸ்ரீரங்கமும் மாநகராட்சிக்குள்ளதான் வருது. கெடு தாண்டிருச்சுதான், ஆனாலும் இப்ப இங்கயே கூட்டத்தை நடத்திட்டோம்னா..."

"பெருமாளைச் சேவிக்க விடுங்கய்யா!" என்று கத்தினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. சேகரும் பார்த்தான், என்னைக் கண்டதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் வருஷமும் போயிற்று. மூன்று வருஷம் தொடர்ந்து கணக்கு அனுப்பாவிட்டால் டைரக்டர்களுக்கு ஐந்து வருஷத் தடை. உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த என் மகள், "அப்பா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்" என்று ஆசையாக வந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. புதுக் கம்பெனிக்கு டைரக்டராக என் பெயரை அரசாங்கம் ஏற்கவில்லை.

"அரை மணி நேரம் ஒக்கார முடியலையாப்பா?" என்று கேட்டாள். என் இடத்தில் அவள் அம்மா டைரக்டர் ஆனாள். சேகருக்கு அவன் அண்ணனின் லாரிக் கம்பெனியில் இருந்த டைரக்டர் பதவியும் போயிற்று.

எங்கள் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கு மட்டும் நாங்கள் போனில் பேசிக்கொண்டு, ஒரே நேரத்தில் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் நின்றோம்.

"எங்க கையெழுத்து உங்க இடுப்புலதானே தொங்கிச்சு? நீங்களே போட்டு அனுப்பியிருக்கலாம்ல?" என்று கத்தினான் சேகர்.

"கூட்டம் நடக்கலையேங்க" என்றார் கெடு. "நடந்துச்சுன்னு எப்படிங்க எழுதுறது?"

ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "இவர் உங்களுக்கு ஞாபகப்படுத்தினாரா, இல்லையா?"

மூன்று வருஷமாக அவர் கொண்டுவந்த கடிதங்களின் நகல்கள் ஒவ்வொன்றிலும், பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஃபைல் கெடுவின் கையிலேயே இருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தபடி, "சரியா ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

கெடு ஃபைலைத் திறக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. சட்டையைத் தூக்கி, கயிற்றிலிருந்து எங்கள் இருவருடையதையும் அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். அவிழ்க்க நேரமாயிற்று. அந்த மாதக் கடைசியோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஒழிந்ததில் எனக்கோ சேகருக்கோ ஒரு பதவியும் திரும்பி வரவில்லை.

இப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையில் ஒரு மிட்டாய்க் கடையில் டோக்கன் கொடுக்கிறார். முதல்முறை போய் நின்றபோது, "வாங்க சார், என்ன வேணுங்க?" என்றார். மன்னிச்சுக்கங்க என்று சொல்லத்தான் போனேன். பின்னால் ஆள் நின்றது. "கால் கிலோ மைசூர்பாகு" என்றேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி. யார் தின்பதற்கு இது என்று மனைவி சண்டை போடுகிறாள். ஆனாலும் வாரந்தவறாமல் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, அவர் கையால் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.