இரண்டு சங்கங்களை நான் கரைத்த கதை

எனக்குச் சட்டம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (மற்றவர்களும் நம்பினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.) போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தலைக்கனத்தோடுதான் இரண்டு சங்கங்களை ஒன்றாக்கப் புறப்பட்டேன்.

ஒன்று, அப்பா தலைவராகவும் நான் செயலாளராகவும் இருந்த அலைகடல் சங்கம். டெலானிபூரில் சொந்த ஹால் உண்டு, உட்காரத்தான் ஆளில்லை. மற்றது கராச்சர்மாவில், ஹார்டுவேர் கடை காதர் பாய் நடத்திய ஒற்றுமைச் சங்கம். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றுதான். பொங்கல் விழா அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று தகராறு வந்து பிரிந்தார்கள். (பிரிந்துபோனவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ஒற்றுமை.) அதன்பிறகு எல்லாம் இரண்டிரண்டு: இரண்டு ஆடிட்டர், இரண்டு ஆண்டறிக்கை, ஏறக்குறைய அதே ஆட்களிடம் இரண்டு நன்கொடைப் புத்தகம்.

இணைப்புப் பேச்சு எழக் காரணம் செல்வி டீச்சர். ஒற்றுமைச் சங்கத்தின் வாடகை வீட்டில் சாயங்காலம் நாற்பது பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் மகன் மெயின்லாண்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறான் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. எங்கள் ஹாலோ பூட்டியே கிடந்தது. ஆனால் அதை வெளிச் சங்கத்துக்குக் கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை. "பத்தாவது படிக்கிற பிள்ளைங்க எட்டு பேரும்மா. பரீட்சை வருது" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"கவலைப்படாதீங்க டீச்சர், மெர்ஜர் பண்ணிடலாம்" என்றேன். (அந்த வார்த்தையைச் சொல்வதில் எனக்கு இருந்த சுகம் கொஞ்சமில்லை.) ஒவ்வொரு சங்கமும் சிறப்புக் கூட்டம் போட வேண்டும், ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி கூடி உறுதிசெய்ய வேண்டும் என்று விரல் விட்டு விளக்கினேன்.

தீர்மானத்தையும் நானே எழுதினேன். ஹால் எங்கள் பெயரில் இருப்பதால் ஒற்றுமைச் சங்கம் கலைந்து எங்களோடு சேர்வதாகத் திட்டம். அதை ஒரு பக்க நீளத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதி அவர்களுக்கு அனுப்பினேன். அடுத்து, 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று எங்களுக்கு ஒன்று எழுத வேண்டும். சோம்பேறித்தனம். அதே காகிதத்தில் அவர்கள் பெயர் இருந்த இடத்தில் எங்கள் பெயரையும், எங்கள் பெயர் இருந்த இடத்தில் அவர்கள் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

எங்கள் கூட்டத்தில் அதை உரக்க வாசித்ததும் நான்தான். வாசித்த எனக்கே புரியாத தமிழ் அது. ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாரும் தூக்கினார்கள். அவர்கள் கூட்டத்திலும் அப்படியே. மாதம் கழித்து உறுதிசெய்ததும் அப்படியே. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா மட்டும் ஒன்றுமே பேசவில்லை. என் திறமையைப் பார்த்துப் பூரித்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவு அலுவலகத்தில் வயதான வங்காளி கிளார்க் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், யே உஸ்மே கயா, வோ இஸ்மே கயா. தோ பாக்கி கோன் ரஹா?"

இது அதற்குள் போய்விட்டது, அது இதற்குள் போய்விட்டது, அப்புறம் மிச்சம் யார் என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் மிச்சமில்லை. பதிவு செய்ய முடியாது, முதலிலிருந்து கூட்டம் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டியூஷன் வீட்டைக் காலி செய்ய நான்கே நாள் இருந்தது.

அப்பாவையும் காதர் பாயையும் ஹாலுக்கு வரவழைத்து, அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியுமேம்மா. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பாய் இறங்கி வரமாட்டாரு, நாமளாவது இறங்கிப் போவோம்னு நீ எழுதியிருக்கேன்னு நெனச்சேன். பிள்ளைங்க படிப்பாச்சே. நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ப் பேசி வச்சேன்."

காதர் பாய் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் எங்காளுங்ககிட்ட அதைத்தான்யா சொன்னேன். பேர் போனாப் போகுது, ஹால் கிடைக்குதுல்லன்னு."

அழைப்பிதழில் ஒரு வரிக்காகப் பிரிந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் முழுப் பெயரையும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என் அழுகை இன்னும் பெரிதாயிற்று.

"சரி, டியூஷனை நம்ம சங்கத்து வேலைன்னே எழுதிக்கோ, வெளியாளுக்குக் கொடுத்ததா ஆகாது. டீக் ஹைதானே?" என்றார் அப்பா. டீக்தான், ரொம்பச் சரி. அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் மெர்ஜரே தேவைப்பட்டிருக்காது. (சட்ட நிபுணருக்கு அது தோன்றவில்லை.) மறுநாளே காதர் பாயின் கடை வண்டி டெலானிபூர் ஏற்றத்தில் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு முக்கி முனகி வந்து சேர்ந்தது. டியூஷன் ஒரு நாள்கூட நிற்கவில்லை; அந்த எட்டுப் பேரும் பாஸ்.

இணைப்பு பிறகு முறைப்படி நடந்தது. அதிலும் உங்கள் பெயர்தான் முன்னால் வர வேண்டும் என்று இருவரும் மாறி மாறிப் பிடிவாதம் பிடித்ததில் ஒரு கூட்டம் வீணாயிற்று. என்னை ஒருவரும் திட்டவில்லை. செயலாளர் பதவியிலிருந்தும் எடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் காலம் முழுக்க நன்றிக்கடன் பட்டவள். ஆனால் இன்றுவரை நான் எதை எழுதிக்கொடுத்தாலும், மளிகைச் சீட்டாக இருந்தாலும், "பாக்கி கோன் ரஹா?" என்று கேட்காமல் வீட்டில் யாரும் வாங்குவதில்லை.

என் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் காதர் பாய். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, படிவத்தை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பின்னால் கூட்டம் நின்றது. "என்ன பாய், இவ்வளவு நேரம்?" என்றேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது மிச்சம் இருக்கீங்களான்னு பாக்குறேம்மா" என்றார்.