இல்லம் இருக்கும் வீடு

வீட்டு விலை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். யாரும் ஏமாற்றவில்லை என்பது உண்மைதான். அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

பெல்மதுளைக்கு வேலை மாற்றலாகி வந்த புதிதில், சாப்பாட்டு நேரம் வந்தால் அலுவலகத்தில் என் பிரசங்கம் தொடங்கிவிடும். கொழும்பில் கையகலமான ஒரு பேர்ச் காணிக்குக் கொடுக்கிற காசில் எங்கள் புளத்கொகுபிட்டியவில் வீடே வாங்கலாம். கேகாலையில் கண்டி ரோட்டை நெருங்க நெருங்க விலை எகிறும். ருவான்வெல்லையில் ரப்பர் காட்டுக்குள் போகப் போக இறங்கும். (கையில் காசு இல்லாதவர்களுக்குத்தான் இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும்.) பெல்மதுளை மட்டும் என் அறிவுக்குள் அடங்கவில்லை. ஒரே பாதையில், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏன் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். நிபுணர்கள் கேட்பதில்லையே.

அம்மா அப்போது தோட்டத்தில்தான் இருந்தார். காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர், இன்னும் அதே லயத்து ஒற்றை அறைக் காம்பராவில். அவருக்கு மாளிகை ஆசையெல்லாம் கிடையாது. சமைக்கிற குசினியில் ஒரு ஜன்னல் வேண்டும், அவ்வளவுதான். சுவரில் ஓட்டை போடத் தோட்டத்துத் தொரையிடம் போய்க் கேட்டிருக்கிறார். தொரை சிரித்தாராம். அந்தச் சிரிப்பை அம்மா மறக்கவில்லை. கதையைக் கேட்ட நானும் மறக்கவில்லை.

பெல்மதுளையில் விலைக்கு வந்த குணபால மாத்தையாவின் பழைய வீட்டில் நான் விழுந்ததே அந்தக் குசினி ஜன்னலில்தான். பெரிய ஜன்னல், வெளியே வெறும் முற்றம். விலையும் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்த்தோம்.

"மொதல்ல வீட்டு உறுதி எழுதிக் கையெழுத்தாகட்டும் புள்ள. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அம்மா போனில்.

நான் கேட்கிற ரகமா? அம்மாவின் பெயரில் 'லெட்சுமி இல்லம்' என்று ஒரு தகரப் பலகைக்குச் சொல்லிவிட்டேன். கடை வாசலில் மாட்டுகிற அளவு. தமிழில் எழுதி, அதையே சிங்கள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். எழுதிக்கொடுத்த சிங்களவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். (பலகையின் அழகில்தான்.)

அந்த நாளும் வந்தது. பலகையைச் சாக்கில் சுற்றி, உள்ளூர்ப் பையன் செல்வத்தின் ஆட்டோவில் ஏற்றிப் போனேன். குணபால மாத்தையா வெளியே வருவதற்குள் கேட்டில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. மாட்டியும் விட்டேன். அவர் வந்தார், வாசித்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"இல்லம் கென கவுத கிவ்வே?"

இல்லத்தைப் பற்றி யார் சொன்னது என்று கேட்கிறார். என் சிங்களம் சரளமானது. பெருமையோடு சிங்களத்திலேயே பதில் சொன்னேன்: "யாரும் சொல்லத் தேவையில்ல மாத்தையா. வாசல்ல கால் வச்சதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

அவர் முகம் வெளுத்தது. "எந்தப் பக்கம்?"

"குசினிப் பக்கம்தான் விசேஷம்."

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"அவங்க எத்தனையோ வருசமா இதத்தானே தேடிக்கிட்டிருக்காங்க!"

வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார். செல்வம்தான் பலகையைக் கழற்றினான். கழற்றும்போதே வாசித்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ அக்கா! இங்க சிங்களத்தில இல்லம்னா வீடில்ல. மாணிக்கக்கல்லு கெடக்கிற மண்ணு! இங்க வீட்டு வெலையே அத வச்சித்தான்! லெட்சுமி இல்லம்னு வேற எழுதி வச்சிருக்கீங்க!"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சாக்கு சுத்தியிருந்தா நான் எப்படி வாசிக்கிறது?"

எங்கள் ரப்பர் பக்கத்துச் சிங்களத்தில் பால் உண்டு, வாளி உண்டு, மாணிக்கம் கிடையாது. ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவின் ஜன்னலை நானே அறைந்து சாத்திவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 'தோட்டத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கால் வைத்தாலே கல் தெரிகிறதாம்' என்று பேச்சுப் பரவி, அந்தப் பாதை முழுக்க வீட்டு விலை ஏறிவிட்டது. இடத்துக்கு இடம் விலை ஏன் மாறுகிறது என்று பிரசங்கம் செய்தவள், ஒரு தகரத்தால் அதைச் செய்தே காட்டிவிட்டேன்.

குணபால மாத்தையா குசினிக்கு வெளியே முற்றத்தைத் தோண்டினார். இன்னும் தோண்டினார். கடைசியில் தண்ணீர்தான் வந்தது. சில மாதம் கழித்து அவரே போன் எடுத்து வரச் சொன்னார். நொந்துபோயிருப்பார், விலை குறையும் என்ற நப்பாசையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

"பழைய விலைதான்," என்றார். "ஆனால் இப்போது கிணறும் இருக்கிறதே. அதற்குக் கொஞ்சம் சேர்த்துத் தர வேண்டும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். குசினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலே சொன்னார்:

"வாய மூடு புள்ள. இன்னொரு வார்த்த பேசுன, இன்னும் ஏறிடும்."

வாங்கிவிட்டோம். வீட்டில் நான் எதற்கு விலை பேசினாலும் இன்றுவரை அம்மாவுக்கு இதே வசனம்தான், மீன்காரரிடம்கூட. அந்தப் பலகை இப்போது கிணற்றின் மேல், சருகு விழாமல் மூடியாகக் கிடக்கிறது. வீட்டுக்குப் பெயர் வைக்கவில்லையா என்று வருகிறவர்கள் கேட்டால், அம்மா அவர்களை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டுவார்.

"அந்தா கெடக்கே, அதுதாங்க இல்லம். வீடு இந்தப் பக்கம்."